துறைமுகம் ஒன்று, ஆங்கிலச் சொல் இரண்டு

தரம் 10 படிக்கிற பிள்ளை ஒருத்தி போன மாதம் 'எனது ஊர்' என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாள். முதல் வரியே 'ட்ரிங்கோமலி இஸ் எ நேச்சுரல் போர்ட்'. நான் 'போர்ட்' என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டேன். "ஏன் ரீச்சர், துறைமுகம்தானே?" என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து அகராதியை எடுத்துக் காட்டினாள். போர்ட் என்றாலும் துறைமுகம், ஹாபர் என்றாலும் துறைமுகம். அகராதி அப்படித்தான் சொல்கிறது. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

எங்கள் வீட்டு விறாந்தையில் இருபது வருடங்களுக்கு மேலாக ஆங்கில ரியூசன் கொடுக்கிறேன். ஒரே தமிழ்ப் பொருள் போட்டிருக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பார்த்துப் பிள்ளைகள் தடுமாறுவதை வாரத்துக்கு ஒரு தடவையாவது காண்கிறேன். அப்படிப்பட்ட சொற்களை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதை இந்த ஒரு சோடியை வைத்தே சொல்லிவிடலாம். திருமலைக்காரருக்கு, அதாவது எங்கள் திருகோணமலை ஆட்களுக்கு, இதைவிட வசதியான சோடி கிடையாது. இரண்டு சொல்லும் ஒரே தண்ணீரில் நம் கண் முன்னால் கிடக்கின்றன.

முதலில், தமிழ்ப் பொருளைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். தமிழ் வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை. 'துறைமுகம்' என்ற நம் சொல் அகலமானது. கப்பல் ஒதுங்குகிற நீரும் அதற்குள் அடங்கும், சரக்கு இறங்குகிற கட்டும் அடங்கும், சுங்கக் கந்தோரும் அடங்கும். ஆங்கிலக்காரர் அந்த ஒன்றை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அகலமான சொல்லைக் கொண்டு ஒடுக்கமான இரண்டை அளந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். நமது அரச நிறுவனங்களின் பெயர்களையே பாருங்கள். 1979 இல் உருவான துறைமுக அதிகாரசபையின் ஆங்கிலப் பெயரில் இருப்பது போர்ட். மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது ஹாபர். தமிழில் இரண்டு பலகையிலும் துறைமுகம்தான். ஆங்கிலத்தில் ஏன் அங்கே ஒன்று, இங்கே ஒன்று? இந்தக் கேள்விக்கு மறுமொழி கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்தது, பொருளைப் போய்ப் பார்ப்பது. நான் பிள்ளைகளை வருடத்துக்கு ஒரு தடவை, மார்கழியில் மழை விட்ட ஒரு பின்னேரம், நடத்திக் கூட்டிக்கொண்டு போவேன். முதலில் டச்சுக் குடாப் பக்கம். கோணேசர் மலைக்கும் பிரெட்ரிக் கோட்டைக்கும் தெற்கே இருக்கிற கடற்கரை அது. வாடைக் காலத்தில் அங்கே நின்று கதைக்க ஏலாது, கத்தித்தான் கதைக்க வேண்டும். அலை மணலை அறைந்து அறைந்து நுரையோடு காலடிக்கு வரும். மான்கள்கூடக் கரையை விட்டு மேலே ஏறி மதிலோரம் நிற்கும். பிறகு அப்படியே ஊரைக் குறுக்கே வெட்டி நடந்தால், கொஞ்ச நேரத்தில் உட்துறைமுக வீதி. அதே நாள், அதே காற்று. ஆனால் தண்ணீரைப் பார்த்தால் தாம்பாளத்தில் ஊற்றி வைத்த மாதிரி இருக்கும். தோணிகள் ஆடாமல் நிற்கும். எதிர்க்கரை மலை தண்ணீரில் தலைகீழாகத் தெரியும்.

"இப்ப சொல்லுங்கோ, இந்த இரண்டு இடத்துக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்பேன். எப்போதும் யாராவது ஒரு பிள்ளை சொல்லும்: "இங்க ஒதுக்கமா இருக்கு ரீச்சர்."

ஹாபர் என்றால் அந்த ஒதுக்கம்தான். காற்றுக்கும் அலைக்கும் மறைவாகக் கப்பல் நிற்கக்கூடிய நீர். அங்கே ஒரு கப்பலும் வராவிட்டாலும், படகு அணைகிற ஜெட்டி ஒன்றும் இல்லாவிட்டாலும், அது ஹாபர்தான். நமது உட்துறைமுகத்தைச் சுற்றி மலையும் முனையும் கை கோத்து நிற்கின்றன. அதை யாரும் கட்டவில்லை. அதனால்தான் 'நேச்சுரல்' என்ற சொல் ஹாபருக்கு முன்னால் அப்படி இயல்பாக வந்து உட்காருகிறது.

போர்ட்டைக் காட்ட வேறு பக்கம் திரும்ப வேண்டும். சீனக்குடாப் பக்கம் மா ஆலைக்குக் கோதுமைக் கப்பல் வருகிறது, சீமெந்து ஆலைக்கு மூலப்பொருள் வருகிறது, எண்ணெய்க் கப்பல் வருகிறது. அங்கே கட்டு இருக்கிறது, பாரந்தூக்கி இருக்கிறது, சுங்கம் இருக்கிறது, எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு அணைய வேண்டும் என்று எழுதி வைக்க ஆள் இருக்கிறது. கரைக்கும் கடலுக்கும் இடையில் சரக்கும் ஆட்களும் மாறுகிற அந்த ஏற்பாடு முழுவதும் போர்ட். அது மனிதர் செய்த ஏற்பாடு. அதை இயற்கை தர முடியாது. அந்தப் பிள்ளையின் வரியில் நான் கோடு போட்டதன் காரணமும் இதுதான்.

சின்ன வயதில் எனக்கு இது புத்தகத்தால் தெரியவில்லை. அப்பா கப்பலில் சரக்கு எண்ணுகிற டாலி கிளாக்காக இருந்தார். பழைய, பிழை விழுந்த கப்பல் படிவங்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். கடதாசி நல்ல தடிப்பு. அம்மா அதைத்தான் எங்கள் கொப்பிகளுக்கு உறையாகப் போடுவா. அச்சுப் பக்கம் வெளியே தெரியும். ஆண்டு ஐந்து முழுவதும் என் கணக்குக் கொப்பியின் முகப்பில் ஒரு கட்டத்துக்குள் 'போர்ட் ஒஃப் லோடிங்', பக்கத்துக் கட்டத்தில் 'போர்ட் ஒஃப் டிஸ்சார்ஜ்' என்று இருந்தது. ஏற்றுகிற இடம், இறக்குகிற இடம். பின்னாளில் எத்தனையோ சரக்குப் படிவம் பார்த்துவிட்டேன். அந்தக் கட்டத்தில் ஹாபர் என்று அச்சடித்த படிவம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. படிவத்துக்குச் சரக்குத்தான் முக்கியம். தண்ணீர் ஆடுகிறதா, அமைதியாக இருக்கிறதா என்பதைப் பற்றி அது கேட்பதில்லை.

ஆக, மூன்றாவது வழி: சொல் யாரோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். ஆளை அவன் சிநேகிதரைப் பார்த்து அறிகிற மாதிரித்தான். ஒரு கொப்பியில் நடுவே கோடு இழுத்து, ஒரு பக்கம் ஹாபரோடு வருகிற சொற்களையும் மறுபக்கம் போர்ட்டோடு வருகிற சொற்களையும் கண்ணில் படப்பட எழுதிக்கொண்டே வாருங்கள். ஹாபர் பக்கம் நேச்சுரல், இன்னர், சேஃப், டீப் என்று நீரைப் பற்றிய சொற்கள் சேரும். போர்ட் பக்கம் அதோரிட்டி, சார்ஜஸ், கொன்டெய்னர் என்று வேலையையும் காசையும் பற்றிய சொற்கள் சேரும். ஒரே இடத்தில் வேலை செய்கிற உத்தியோகத்தரின் பெயரில்கூட இது தெரியும். கப்பல் எந்த வழியால் உள்ளே வர வேண்டும், எங்கே நங்கூரம் போட வேண்டும் என்று நீரை ஆளுகிறவர் ஹாபர் மாஸ்டர். பண்டசாலை, கட்டு, கட்டணம் என்று நிர்வாகத்தைப் பார்க்கிறவரின் பதவிப் பெயரில் போர்ட் வரும். இந்தக் கொப்பி வேலையை நான் எந்தப் பிள்ளைக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டு வாரம் எழுதினால் போதும், விதி சொல்லித் தர வேண்டிய தேவையே வராது.

நான்காவது, எடுத்துப் பார்ப்பது. பொருளில் இருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி எடுங்கள். எதை எடுத்ததும் சொல் விழுந்துவிடுகிறதோ, அதுதான் அந்தச் சொல்லின் உயிர். திருமலையில் இருந்து ஜெட்டி, பாரந்தூக்கி, சுங்கம், கப்பல் எல்லாவற்றையும் மனதுக்குள் எடுத்துவிடுங்கள். ஹாபர் அப்படியே இருக்கும். சுற்றியிருக்கிற மலையையும் முனையையும் எடுத்தால்தான் ஹாபர் போகும். போர்ட்டில் இருந்து தண்ணீரையே எடுத்துப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும், போர்ட் நிற்கும்! கடலே இல்லாத உள்நாட்டு ஊரில் கொள்கலன்களை வைத்துச் சுங்கச் சோதனை முடித்து அனுப்புகிற இடத்துக்கு ட்ரை போர்ட் என்று பெயர். விமானம் வந்து ஆட்களை இறக்கி ஏற்றுகிற இடம் எயார்போர்ட். எயார்ஹாபர் என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் விமானம் அங்கே ஒதுங்க வரவில்லை, ஆட்களை மாற்றிக்கொண்டு போக வருகிறது.

இந்த இடத்தில் கொழும்பையும் நமது ஊரையும் பக்கத்தில் வைத்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும். கொழும்பில் இயற்கையான மறைவு போதாது. தென்மேல் பருவக் காற்றுக் காலத்தில் கப்பல்கள் பாடுபட்டன. அதனால்தான் அங்கே அலைதடுப்புச் சுவர் கட்ட வேண்டி வந்தது. 1875 இல் அப்போதைய வேல்ஸ் இளவரசர் வந்து முதல் கல்லை வைத்தார். ஹாபரையே கட்டி எடுத்தார்கள் என்று சொல்லலாம். இன்றைக்கு அதே கொழும்பு ஆண்டொன்றுக்குச் 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட இருபதடிக் கொள்கலன் அளவுச் சரக்கைக் கையாளுகிற பெரிய போர்ட். திருமலையில் சுமார் 1,600 ஹெக்டேர் நீர்ப்பரப்பு, கட்டாமலே கிடைத்த மறைவு. ஆனால் இங்கே வந்து போகிற சரக்கைக் கொழும்போடு ஒப்பிட ஏலாது. ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: கொழும்பு பெரிய போர்ட், திருமலை பெரிய ஹாபர். தமிழில் இதையே 'அங்கே பெரிய துறைமுகம், இங்கேயும் பெரிய துறைமுகம்' என்று எழுதினால் வாசிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. இந்த ஊரில் பிறந்த எனக்கு, எங்கள் ஊரின் சரித்திரத்தையே இந்த இரண்டு சொல்லும் பிரித்துக் காட்டுகிற மாதிரித் தோன்றும். 1795 இல் ஒல்லாந்தரிடம் இருந்து இதைப் பிடித்த பிரித்தானியருக்கு வேண்டியிருந்தது ஹாபர். கப்பற்படை பத்திரமாக நிற்க ஓர் இடம். 1957 வரை அதைத் தளமாகவே வைத்திருந்தார்கள். வியாபாரம் கொழும்புக்குப் போயிற்று.

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருமலையில் குண்டு போட்டன. அதற்கு முதல் நாள், தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கையால், ஹேர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் இங்கிருந்து வெளியே அனுப்பப்பட்டது. அடுத்த நாள் மட்டக்களப்புக் கடலில் அது மூழ்கடிக்கப்பட்டது. ஹாபர் மறைப்பது காற்றையும் அலையையும். வானத்தில் இருந்து வருவதை மறைக்காது. இந்தக் கதையைச் சொன்ன பிறகு எந்தப் பிள்ளையும் ஹாபரின் பொருளை மறந்ததில்லை.

ஐந்தாவது, அந்தச் சொல்லை வினையாக்கிப் பாருங்கள். பெயர்ச்சொல்லில் ஒளிந்திருக்கிற குணம் வினையில் வெளியே வந்துவிடும். ஹாபர் வினையாகவும் வரும். குற்றம் செய்துவிட்டு ஓடி வந்தவனை வீட்டில் வைத்துக் காப்பாற்றினால், ஆங்கிலத்தில் அவனை 'ஹாபர்' செய்தீர்கள் என்பார்கள். சட்டத்திலும் இந்தச் சொல்லே. மனதில் வஞ்சத்தைக் கொண்டு திரிந்தாலும் அதே வினைதான். நாம் கறுவிக்கொண்டு திரிகிறான் என்கிறோமே, அவர்களோ வஞ்சத்துக்கு மனதில் இடம் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறான் என்கிறார்கள். அடைக்கலம் கொடுப்பதுதான் இரண்டிலும் இருக்கிற கருத்து. கப்பலுக்குக் கொடுத்தால் நல்லது, கள்ளனுக்குக் கொடுத்தால் குற்றம், கோபத்துக்குக் கொடுத்தால் நமக்கே கேடு. போர்ட்டை இந்தப் பொருளில் வினையாக்க முடியாது.

சொல்லின் வேரைப் பார்ப்பதும் உதவும், ஆனால் கவனமாக. ஹாபர் பழைய ஆங்கிலத்தில் தங்குமிடம், புகலிடம் என்ற பொருளில் இருந்து வந்தது. முதலில் அதற்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை. போர்ட் லத்தீனில் இருந்து வந்தது. அங்கே வாசலைக் குறிக்கிற சொல் அதற்கு நெருங்கிய உறவு. கணினியிலும் போனிலும் வயர் குத்துகிற துளையைப் போர்ட் என்பதும் வாசல் என்ற பொருளில்தான், மின்சாரமும் தகவலும் அதன் வழியாகத்தானே போய் வருகின்றன. ஆனால் எக்ஸ்போர்ட், இம்போர்ட், போர்ட்டர் ஆகியவற்றில் இருக்கிற போர்ட் வேறு. அது 'சுமத்தல்' என்ற வினையில் இருந்து வந்தது. ஒலி ஒன்றாக இருப்பதால் பிள்ளைகள் சேர்த்துவிடுவார்கள். வேரை முதல் படியாக வைக்காமல் நான் பின்னுக்குத் தள்ளுவது இதனால்தான்.

கப்பலின் இடப்பக்கத்தையும் போர்ட் என்பார்கள். பழைய காலத்தில் சுக்கான் துடுப்பு வலப்பக்கம் இருந்ததால், அது நசுங்காமல் இருக்க இடப்பக்கத்தைக் கரையோடு அணைத்துச் சரக்கை ஏற்றினார்கள். 1844 இல் பிரித்தானியக் கடற்படை அந்தப் பக்கத்துக்குப் போர்ட் என்ற பெயரையே உத்தரவாக்கியது. சரக்கு ஏறுகிற பக்கம் போர்ட் என்று நினைத்தால் மறக்காது.

இனி, வழி தவறுகிற இடங்களையும் சொல்ல வேண்டும். இரண்டு சொல்லுக்கும் நடுவில் மதில் கிடையாது, வேலிதான். வேலியில் புகுந்து போகிற பொட்டு இருக்கும். புயலில் அகப்பட்டவனுக்கு எந்தப் போர்ட்டும் போதும் என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. அங்கே போர்ட் செய்வது ஹாபரின் வேலை. அதேபோல மீனவர் ஊரை ஃபிஷிங் போர்ட் என்றும் எழுதுவார்கள். அப்போது அவர்கள் மனதில் இருப்பது ஊரும் மீன் வியாபாரமும். நமது கூட்டுத்தாபனத்தின் பெயரில் ஹாபர் வந்தது படகு பத்திரமாக நிற்கிற இடம் என்பதால். எழுத்துக் கூட்டலிலும் ஒரு விஷயம்: அமெரிக்கர் ஹாபரில் யூ எழுத்தை விட்டுவிடுவார்கள். பேர்ள் ஹாபர் என்ற பெயரை அவர்கள் எழுதுகிறபடியே எழுத வேண்டும். நமது பரீட்சையில் மற்ற இடங்களில் யூவைப் போட்டு எழுதுங்கள். ஜெட்டி, பியர், வார்ஃப் என்று இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவை கட்டுமானங்களின் பெயர், இந்தச் சோடியோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்பா ஓய்வு பெறும் வரைக்கும் "ஹாபருக்குப் போட்டு வாறன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். வேலை செய்தது போர்ட்டில். கொழும்பிலும் அந்த வேலைக்குப் போகிற தமிழ் ஆட்கள் ஹாபர் என்றுதான் சொல்வார்கள். அது பிழை இல்லை. ஆங்கிலச் சொல் தமிழுக்குள் வந்து, நம் துறைமுகத்தைப் போலவே அகன்று, நம் சொல்லாகிவிட்டது. வீட்டில் பேசும்போது அதை யாரும் திருத்த வேண்டாம், பெரியவர்களைத் திருத்தவே வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பமோ கட்டுரையோ எழுதும்போது மட்டும், வாயில் பழகிய ஹாபர் கையில் தானாக வந்து விழுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

இதே வழியை வேறு சோடிக்கும் போட்டுப் பார்க்கலாம். சேஃப், செக்யூர் இரண்டுக்கும் அகராதியில் 'பாதுகாப்பான' என்று இருக்கும். இரண்டு கயிறு போட்டு ஜெட்டியோடு இறுக்கிக் கட்டிய தோணி செக்யூர். அந்தத் தோணிக்குக் கீழே பலகை உக்கியிருந்தால் அது சேஃப் இல்லை. கயிற்றை எடுங்கள், எந்தச் சொல் விழுகிறது என்று பாருங்கள்.

சரி, பயிற்சிக்கு வருவோம். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு நான் ஐந்து கீறிட்ட இடம் கொடுத்தேன். புயலுக்குப் பயந்து கப்பல் எதற்குள் வந்து நங்கூரம் போட்டது? ஹாபர். இந்தச் சீமெந்து எங்கே இறங்கும் என்று படிவத்தில் எழுத வேண்டும்? போர்ட். தேடப்படுகிறவனை ஒளித்து வைத்தவர் செய்த காரியம்? ஹாபர், வினையாக. போனில் சார்ஜர் குத்துகிற இடம்? போர்ட். நான்கையும் சரியாக எழுதிவிட்டாள்.

ஐந்தாவது வேண்டுமென்றே கொடுத்தது: 'படகு பின்னேரம் நாலு மணிக்கு எதை விட்டு வெளிக்கிட்டது?' இரண்டும் சரியாக வரும். பயணத்தையும் நேர அட்டவணையையும் நினைத்தால் போர்ட், நீரையும் மறைவையும் நினைத்தால் ஹாபர். எது எழுதினாலும் ஏன் என்று ஒரு வரி சொல்ல வேண்டும் என்றேன். அவள் ஹாபர் என்று எழுதினாள். அவளுடைய அப்பா இங்கே கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இருந்து ஆழ்கடல் படகில் போகிறவர். கீழே பென்சிலால் தமிழில் காரணம் எழுதியிருந்தாள்: "முனை திரும்பும் மட்டும் படகு ஆடாது. திரும்பினதும் ஆடத் தொடங்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா வீட்டுக்கு வருவா."